பகைவர் எழுதிய வரலாற்றில் இல்லிரியர்கள்

மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் வளைகுடாவில், மலை நேராகக் கடலில் இறங்கும் ஒரு மூலையில் ரீசான் என்ற சிற்றூர் இருக்கிறது. 2010இல் அங்கே அகழாய்வு செய்த போலந்து தொல்லியலாளர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. அதில் 4,600க்கும் மேற்பட்ட காசுகள். அவற்றை வெளியிட்டவன் பல்லையோஸ் என்ற பழங்கால இல்லிரிய அரசன். அவனுடைய காசுகள் ரீசானில் மட்டுமல்லாமல் இன்றைய குரோஷியாவின் ஹ்வார் தீவிலும் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் 'மன்னன்' என்ற பட்டம் கிரேக்க எழுத்தில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனை காசு அடித்துப் புழக்கத்தில் விட்ட அரசனைப் பற்றி, நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க, லத்தீன் நூல்கள் எதிலும் ஒரு வரிகூட இல்லை. அதே கரையில் ரோமோடு போரிட்ட அரசர்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன.

இல்லிரியர்களைப் பற்றிப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. அவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிவைக்கவில்லை. அவர்களோடு வணிகம் செய்த கிரேக்கர்களும், அவர்களை வென்று அடக்கிய ரோமர்களும் எழுதியதுதான் நம் கையில் உள்ளது. அந்த எழுத்துகளில் அவர்கள் கடற்கொள்ளையர்கள், குடிகாரர்கள், வாக்கு மாறுபவர்கள். இன்றைய பாடநூல்களிலும் "கடற்கொள்ளையரான இல்லிரியர்களை ரோம் அடக்கியது" என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காத ஒரு மக்களை இப்படி ஒரு வரியில் கடந்து போவது நியாயமில்லை.

முதலில் அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்று பார்ப்போம். இத்தாலிக்கு நேர் எதிரே, ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையும் அதன் பின்னால் எழும் மலைநாடும் அவர்களுடையவை. இன்றைய அல்பேனியா, மாண்டினீக்ரோ, கொசோவோ, பொஸ்னியா-ஹெர்சகோவினா, குரோஷியாவின் பெரும்பகுதி, செர்பியாவிலும் வடக்கு மசிடோனியாவிலும் சில பகுதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பரந்த நிலத்தில் ஒரே அரசு ஒருபோதும் இருந்ததில்லை. தெற்கே தவ்லாந்தியர், எங்கெலேயர், ஷ்கோடர் ஏரியைச் சுற்றி லபியாத்தர், அதற்கு வடக்கே கரையோரம் அர்தியேயர், உள்நாட்டில் அவுதாரியாத்தர், தெசிதியாத்தர், கிழக்கே தர்தானியர், வடக்கே தல்மாத்தர். இன்னும் பல குடிகள் உண்டு. அதற்கும் வடக்கே வாழ்ந்த லிபுர்னியரின் ஆட்பெயர்களைப் பார்த்தால், அவர்கள் மொழியே வேறாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இத்தனை பேரும் தங்களை 'இல்லிரியர்' என்று அழைத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை. மிளகுக்காக ரோமின் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருந்திய, முசிறித் துறைமுகத்தைக் குறிப்பிட்ட அதே ரோம எழுத்தாளர் பிளினிதான் இங்கேயும் உதவிக்கு வருகிறார். 'முறைப்படி இல்லிரியர் எனப்படுவோர்' என்று ஒரு சிறு குடியை அவர் தனியே குறிப்பிடுகிறார். தெற்குக் கரையில் கிரேக்கர்கள் முதலில் சந்தித்த ஒரு குடியின் பெயர், சிந்து நதியின் பெயர் ஒரு துணைக்கண்டத்துக்கே ஆகிவந்தது போல, மெல்ல மெல்ல ஒரு நிலப்பரப்பு முழுவதற்கும் விரிந்தது என்பதுதான் பல அறிஞர்களின் கணிப்பு. பின்னால் ரோமர்கள் 'இல்லிரிக்கும்' என்று மாகாணப் பெயரே வைத்ததும் அது நிலைத்துவிட்டது.

நிலத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். தினாரிக் மலைத்தொடர் கடற்கரைக்கு இணையாகவே ஓடுகிறது. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை பாறை இடுக்கில் இறங்கிவிடும். ஆறுகள் திடீரென்று நிலத்துக்குள் மறைந்து வேறோர் இடத்தில் வெளிவரும். மலைகளுக்கு நடுவே ஆங்காங்கே மட்டும் உழுது பயிரிடத் தக்க சமவெளிகள். கடலிலிருந்து உள்ளே போக நெரெத்வா, திரின் போன்ற சில ஆற்றுப் பள்ளத்தாக்குகள்தான் வழி. ஆகவே குடிகள் தனித்தனியாகவே வாழ்ந்தன. ஆடு மாடுகளைக் கோடையில் மலை மேலேயும் குளிரில் கீழேயும் ஓட்டிப்போய் மேய்த்தார்கள். குன்றின் மேல் கல்லடுக்கிக் கோட்டை கட்டினார்கள். கரையிலோ நிலைமை தலைகீழ். குரோஷியக் கரையில் மட்டும் தீவுகளும் பாறைத் திட்டுகளுமாக ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சின்னப் படகுக்கு ஒளிய இடமும் கிடைக்கும், பாயவும் இடம் கிடைக்கும். கிரேக்கத்திலிருந்து வட இத்தாலிக்குப் போகும் வணிகக் கப்பல்கள் இந்தக் கரையை ஒட்டியே போயாக வேண்டும். கடற்கொள்ளை ஏன் இங்கே வளர்ந்தது என்பதற்குக் குணக்கேட்டைவிட இந்தப் புவியியல் நல்ல விளக்கம்.

சரயேவோவுக்குக் கிழக்கே உள்ள கிளாசினாத்ஸ் மேட்டுநிலத்தில் ஆயிரக்கணக்கான ஈமக்குழி மேடுகள் இருக்கின்றன. 1880இல் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவம் அந்தப் பக்கம் சாலை போட்டபோது, பறவை வடிவத்தில் வார்த்த ஒரு சிறிய வெண்கலச் சடங்கு வண்டி கிடைத்தது. இப்போது அது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மேடுகளில் ஆயுதங்கள், அணிகலன்கள், கிரேக்கத்திலிருந்து வந்த வெண்கலப் பாத்திரங்கள், அம்பர் மணிகள் எல்லாம் கிடைத்துள்ளன. வடக்கே பால்டிக் கடலிலிருந்தும் தெற்கே கிரேக்கத்திலிருந்தும் பொருள் வந்து சேரும் இடத்தில் இருந்த ஒரு மலைக்குடியை ஒதுங்கிக் கிடந்த காட்டுமிராண்டிகள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கிரேக்கர்கள் இந்தக் கரையில் குடியேறத் தொடங்கியது கி.மு. 7ஆம் நூற்றாண்டில். கி.மு. 627இல் எபிதாம்னஸ் நகரம் எழுந்தது. இன்றைய அல்பேனியாவின் துர்ரெஸ் துறைமுகம் அதுதான். அடுத்துச் சற்றுத் தெற்கே அப்பொல்லோனியா. எபிதாம்னஸில் உள்ளூர்க் கிரேக்கப் பிரபுக்களும் மக்கள் கட்சியும் அடித்துக்கொண்டபோது, துரத்தப்பட்ட பிரபுக்கள் அக்கம்பக்கத்து இல்லிரியரோடு சேர்ந்து ஊரைத் தாக்கினார்கள். அதில் கொர்சிராவும் கொரிந்தும் தலையிட, பிறகு ஏதென்ஸும் உள்ளே வர, ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலோபொனேசியப் போருக்கான காரணங்களில் ஒன்றாக அது ஆனது.

இல்லிரியர் தங்களுக்குள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதற்குக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்த்ராபோ தரும் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அர்தியேயருக்கும் அவுதாரியாத்தருக்கும் எல்லையில் ஓர் உப்பு ஊற்று இருந்தது. இளவேனிலில் அதன் நீரை எடுத்து ஐந்து நாள் வைத்தால் உப்பு உறையும். இரண்டு குடியும் முறை வைத்து எடுப்பது என்று உடன்பாடு. அதை மீறும்போதெல்லாம் போர். கடலிலிருந்து தள்ளி மந்தைகளோடு வாழும் மலைக்குடிக்கு உப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால், இதில் காட்டுத்தனம் எதுவும் தெரியாது.

மசிடோனியாவோடு நடந்த மோதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.மு. 359இல் பார்திலிஸ் என்ற இல்லிரிய அரசன் மசிடோனிய மன்னன் மூன்றாம் பெர்திக்காஸைப் போரில் கொன்றான். மன்னனோடு 4,000 மசிடோனியர் மாண்டனர் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ். அந்தத் தோல்வியில்தான் பெர்திக்காஸின் தம்பி இரண்டாம் பிலிப் ஆட்சிக்கு வந்தார். படையைத் திருத்தி அமைத்து, அடுத்த ஆண்டே பார்திலிஸை முறியடித்தார். பின்னால் உலகை மிரட்டிய மசிடோனியப் படை இல்லிரியரிடம் பட்ட அடியிலிருந்து எழுந்தது என்று சொன்னால் மிகையில்லை. இந்தப் பார்திலிஸையும் சிசரோ 'கொள்ளையன்' என்றுதான் குறிப்பிடுகிறார். ஆனால் கொள்ளைப் பொருளை நேர்மையாகப் பங்கிட்டதால் அவனிடம் செல்வாக்கு குவிந்தது என்றும் சேர்த்தே எழுதுகிறார். நேர்மைக்கு உதாரணம் காட்டும்போதுகூட கொள்ளையன் என்ற அடைமொழி விடவில்லை.

அப்புறம் வருவது தெவுத்தாவின் கதை. சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அர்தியேயரின் அரசன் அக்ரோன் அதுவரை எந்த இல்லிரிய அரசனும் திரட்டாத தரைப்படையும் கடற்படையும் வைத்திருந்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். இல்லிரியரின் படகுக்குப் பெயர் லெம்பஸ்; சிறியது, வேகமானது. கி.மு. 231இல் மேதியோன் என்ற கிரேக்க ஊரை முற்றுகையிட்டிருந்த ஏத்தோலியர் என்ற கிரேக்கக் கூட்டத்தினரை விரட்ட 100 லெம்பஸ்களில் 5,000 பேரை அக்ரோன் அனுப்பினான். படகுக்கு 50 வீரர். விடியற்காலையில் இறங்கி அன்றே வென்று திரும்பினார்கள். வெற்றிக் களிப்பில் அளவுமீறிக் குடித்து, நோய் வந்து அக்ரோன் இறந்துபோனான் என்கிறது அதே நூல். இளவரசன் பின்னேஸ் குழந்தை. ஆகவே அக்ரோனின் மனைவி தெவுத்தா ஆட்சியை நடத்தினாள்.

அடுத்த ஆண்டு இல்லிரியர் எபிரஸின் செல்வச் செழிப்பான நகரமான பொய்னிக்கேயைப் பிடித்தார்கள். அந்தச் சமயத்தில் இத்தாலிய வணிகர் பலர் கொள்ளையடிக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வணிகர்களுக்கு நடந்தது கொடுமைதான். ரோம் இரண்டு தூதர்களை அனுப்பியது. தெவுத்தா சொன்ன பதிலைப் பொலிபியஸ் இப்படித் தருகிறார்: அரசின் பெயரால் ரோமருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்கிறேன், தனியாட்கள் கடலில் ஈட்டுவதைத் தடுப்பது இல்லிரிய அரசர்களின் வழக்கம் இல்லை. தூதரில் இளையவர், "கடவுள் அருளால் அரசர் வழக்கத்தையே திருத்திக் காட்டுவோம்" என்று வெடுக்கென்று பேச, கோபம் கொண்ட தெவுத்தா, ஊர் திரும்பும் வழியில் அவரைக் கொல்ல ஆள் அனுப்பினாள். பெண்புத்தி, பெண்ணின் ஆத்திரம் என்று பொலிபியஸ் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறார்.

அப்பியன் என்ற இன்னொரு வரலாற்றாசிரியர் சொல்வது வேறு. இல்லிரியர் தாக்குதலுக்கு ஆளான இஸ்ஸா தீவினர் ரோமிடம் முறையிட்டார்கள். ரோமத் தூதரும் இஸ்ஸாத் தூதரும் கப்பலில் வரும்போது இல்லிரியப் படகுகள் வழிமறித்தன. கொருங்கானியஸ் என்ற ரோமத் தூதரும் கிளீம்போரஸ் என்ற இஸ்ஸாத் தூதரும் கொல்லப்பட்டார்கள். இந்தக் கதையில் அரசவைச் சந்திப்பே இல்லை, தெவுத்தாவின் ஆத்திரமும் இல்லை. அக்ரோன் அப்போது உயிரோடுதான் இருக்கிறான். பொலிபியஸ் தன் செய்தியை ரோமத் தரப்பு எழுத்துகளிலிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். கோபக்கார ராணி, வீரமாகப் பேசிய ரோம இளைஞன், நியாயமான போர் என்று கதை ரோமுக்கு வசதியாகப் பொருந்திவருவதைப் பார்த்தால் அப்பியனையே நம்பத் தோன்றுகிறது.

கி.மு. 229இல் ரோம் முதன்முறையாகப் படையோடு ஏட்ரியாட்டிக்கைக் கடந்தது. 200 கப்பல்கள், 20,000 காலாட்கள், 2,000 குதிரைவீரர்கள். அதற்குச் சற்று முன்னால்தான் பாக்சோஸ் தீவருகே இல்லிரியர் ஒரு கிரேக்கக் கடற்படையை வென்றிருந்தார்கள். நான்கு நான்கு லெம்பஸ்களைச் சேர்த்துக் கட்டி, எதிரி வந்து இடிக்கட்டும் என்று பக்கவாட்டைக் காட்டி நின்று, இடித்த கப்பல் சிக்கிக்கொண்டதும் அதன் மேல் ஏறிப் போரிட்டார்கள். பெரிய கப்பலைச் சிறிய படகால் வெல்லும் இந்த உத்தியில் எவ்வளவு பயிற்சி இருந்திருக்க வேண்டும்! ஆனால் ரோமுக்கு எதிரே உத்தியைக் காட்டவே வாய்ப்பு வரவில்லை. கொர்சிராத் தீவின் காவலுக்குத் தெவுத்தா வைத்திருந்த பாரோஸ் ஊர் தெமேத்ரியஸ் தீவை ரோமரிடம் ஒப்படைத்துவிட்டான். தெவுத்தா ரீசானுக்குப் பின்வாங்கினாள். மறு ஆண்டு உடன்படிக்கை: கப்பம் கட்ட வேண்டும், நாட்டின் பெரும்பகுதியை விட்டுவிட வேண்டும், லிஸ்ஸஸ் ஊரைத் தாண்டித் தெற்கே இரண்டு லெம்பஸ்களுக்கு மேல் போகக் கூடாது, அவையும் ஆயுதம் இல்லாமல்.

காட்டிக்கொடுத்த தெமேத்ரியஸும் பின்னர் ரோமோடு மோதி, கி.மு. 219இல் மசிடோனிய அரசரிடம் ஓட நேர்ந்தது. கடைசியாக இல்லிரிய அரசன் ஜெந்தியஸ். ரோமுக்கு எதிராகச் சேர்ந்தால் 300 தாலந்து (பண்டைய காலத்தின் பெரிய பண அளவு) தருவதாக மசிடோனிய அரசன் பெர்செயஸ் ஆசை காட்டினான். 10 தாலந்து கைக்கு வந்ததும் ஜெந்தியஸ் ரோமத் தூதரைச் சிறையிட்டான். இனி இவன் பின்வாங்க முடியாது என்று தெரிந்த பெர்செயஸ் மீதியைத் தரவில்லை. கி.மு. 168இல் ஸ்கோத்ரா, அதாவது இன்றைய ஷ்கோடர், ரோமரிடம் விழுந்தது. 30 நாளில் போர் முடிந்தது. தொடங்கிய செய்திக்கு முன்பே முடிந்த செய்தி ரோமுக்கு வந்துவிட்டது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி பெருமையோடு எழுதுகிறார். 220 லெம்பஸ்கள் பறிமுதலாகிக் கிரேக்க நகரங்களுக்குத் தரப்பட்டன. ஜெந்தியஸும் அவன் மனைவி மக்களும் ரோம் தெருக்களில் ஊர்வலமாக நடத்திச் செல்லப்பட்டார்கள். கசப்பு மருந்துக்குப் பயன்படும் ஜெந்தியன் செடிக்கு அவன் பெயர்தான் என்கிறார் பிளினி.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. உள்நாட்டு மலைக்குடிகளை அடக்க ரோமுக்கு இன்னும் சுமார் 175 ஆண்டுகள் தேவைப்பட்டன. கி.பி. 6இல் ஜெர்மானியப் பகுதியில் ஒரு போருக்காக ரோமத் தளபதி திபேரியஸ் இங்கே ஆள் திரட்டினார். அணிவகுத்து நின்றபோதுதான் தங்கள் பலம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் காஸியஸ் தியோ எழுதுகிறார். வரிச்சுமையால் ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். தலைவர்கள் இருவர், இருவருக்கும் பாத்தோ என்றே பெயர்: தெசிதியாத்தர் பாத்தோ, புரூகியர் பாத்தோ. பத்து நாளில் எதிரி ரோமின் கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடலாம் என்று அகஸ்டஸ் செனட்டில் சொன்னார். விடுதலை பெற்ற அடிமைகளைக்கூடப் படையில் சேர்த்தார்கள். 15 லெகியோன்கள் (ரோமின் பெரும்படைப் பிரிவுகள்), அதே அளவு துணைப்படை, மூன்று ஆண்டுப் போர். கார்த்தேஜோடு நடந்த போர்களுக்குப் பிறகு இதுவே மிகக் கடுமையான அயல்நாட்டுப் போர் என்கிறார் சுவெத்தோனியஸ். அர்துபா என்ற கோட்டை விழுந்தபோது பெண்கள் குழந்தைகளோடு நெருப்பிலும் ஆற்றிலும் குதித்து மாண்டார்கள்.

கி.பி. 9இல் சரணடைந்த பாத்தோவிடம், ஏன் எங்களை எதிர்த்து இவ்வளவு காலம் போரிட்டீர்கள் என்று திபேரியஸ் கேட்டார். "ரோமர்களாகிய நீங்கள்தான் காரணம். உங்கள் மந்தைகளைக் காக்க நாயையோ மேய்ப்பனையோ அனுப்பவில்லை, ஓநாய்களை அனுப்பினீர்கள்" என்றான் பாத்தோ. இதையும் பதிவுசெய்தவர் ரோமத் தரப்பு எழுத்தாளர்தான். சொற்கள் அவருடையவையாகவே இருக்கலாம். ஆனாலும் வென்றவர்களின் நூலுக்குள் தோற்றவனின் நியாயம் இவ்வளவு நேராக நுழைந்த இடம் இல்லிரிய வரலாற்றில் வேறு இல்லை.

பிறகு தல்மாத்தியா, பன்னோனியா என்று இரண்டு மாகாணங்கள். இல்லிரியர் ரோமப் படையில் சேர்ந்தார்கள், சுரங்கங்களுக்குப் போனார்கள். இன்றைய ருமேனியாவில் உள்ள அல்புர்னுஸ் மாயோர் தங்கச் சுரங்கத்தில், 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெழுகு பூசிய மரப்பலகைகள் கிடைத்துள்ளன. இல்லிரியக் குடியான பிருஸ்தர்கள் அங்கே குடியேறிச் சுரங்க வேலை செய்தார்கள். கி.பி. 139 மார்ச் மாதத்துப் பலகை ஒன்று, பாத்தோவின் மகன் மக்ஸிமுஸ் என்பவன் தாசியுஸ் என்ற பிருஸ்தனிடமிருந்து பாஸியா என்ற சிறுமியை 205 தெனாரியஸ் வெள்ளிக் காசுக்கு அடிமையாக வாங்கியதைச் சொல்கிறது. அவளுக்கு வயது ஏறக்குறைய ஆறு. பேரரசர்களையும் அரசிகளையும் பற்றிய பக்கங்களைவிட, இந்த ரசீது அந்த மக்களின் அன்றாடத்துக்குள் நம்மைக் கூடுதலாகக் கொண்டுபோகிறது.

3ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு சிதறவிருந்தபோது அதைத் தூக்கி நிறுத்திய இரண்டாம் கிளாடியஸ், அவுரேலியன், பிரோபஸ், தியோக்ளீஷியன் எல்லோரும் இந்தப் பக்கத்துப் படைவீரர்கள். இவர்களை 'இல்லிரியப் பேரரசர்கள்' என்பது வழக்கம். ஆனால் அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. இல்லிரிக்கும் மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் என்பதே பொருள்.

மொழி விஷயத்தில் கைவசம் இருப்பது மிகக் குறைவு. ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், பிறர் குறித்துவைத்த சில சொற்கள். அதில் ஒன்று சபாயா, பார்லியில் செய்த மது. ஷ்கோடர் அருகே கிடைத்த மோதிரம் ஒன்றில் இல்லிரிய வாசகம் இருப்பதாக அறிஞர்கள் வெகுகாலம் நம்பினார்கள். பிறகு அதை வலமிருந்து இடமாகப் படித்தபோது, "ஆண்டவரே, அன்னாவுக்கு உதவும்" என்ற பைசாந்தியக் காலத்துக் கிரேக்க வேண்டுதல் என்று தெரிந்தது.

எழுத்தில்லாத மக்களின் பெயர் யாருக்கும் எளிதில் கிடைத்துவிடுகிறது. நெப்போலியன் 1809இல் 'இல்லிரிய மாகாணங்கள்' அமைத்தார், தலைநகர் லியூப்லியானா. 1830களில் லியூதெவித் காய் தலைமையில் குரோஷியர்கள் தென் ஸ்லாவிய ஒற்றுமைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். 1843இல் ஆஸ்திரிய அரசு அந்தப் பெயரைத் தடைசெய்தது. ஸ்லாவியர்கள் பால்கனுக்கு வந்ததே 6, 7ஆம் நூற்றாண்டுகளில்தான். கம்யூனிச அல்பேனியாவில் இல்லிரியத் தொடர்ச்சியை நிறுவுவது அரசே ஊக்குவித்த தொல்லியல் பணியாக இருந்தது. இன்று அல்பேனிய நாணயங்களில் 100 லெக்கில் தெவுத்தாவும் 50 லெக்கில் ஜெந்தியஸும் இருக்கிறார்கள். அல்பேனியர்களில் அக்ரோன், தெவுத்தா, இலிர் என்ற பெயர்கள் சாதாரணம்.

அல்பேனியர்களின் உரிமைக் கோரிக்கையை வெறும் அரசியல் என்று தள்ளிவிடவும் முடியாது. 2ஆம் நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி இன்றைய அல்பேனியப் பகுதியில் 'அல்பனோய்' என்ற குடியைக் குறிப்பிடுகிறார். தென் இத்தாலியில் சுமார் 600 கல்வெட்டுகளில் எஞ்சியிருக்கும் மெஸ்ஸாப்பிய மொழியை இல்லிரியத்துக்கு உறவானதாகப் பலர் கருதுகிறார்கள்; அதற்கும் அல்பேனிய மொழிக்கும் நெருக்கம் காட்டும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் அல்பேனிய மொழியில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வாக்கியம் 1462ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஞானஸ்நான வாசகம். இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுத்தே இல்லை. கடல், மீன், படகு தொடர்பான அல்பேனியச் சொற்களில் பல கடன் வாங்கியவை என்பதால், இவர்கள் கரையோர இல்லிரியரின் வழிவந்தவர்களாக இருக்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது முழு மறுப்பாகத் தெரியவில்லை. கரையோர நகரங்கள் முதலில் லத்தீனுக்கு மாறியிருக்கும்; பழைய மொழி தப்பியிருந்தால், அது உப்புக்காகச் சண்டை போட்ட குடிகளைப் போன்ற மேய்ச்சல்காரர்களிடம், கடலைப் பார்க்காத உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில்தான் தப்பியிருக்க வேண்டும்.